அச்சில் வார்த்த உயிர் எதுவும் இல்லை



விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் பொம்மைதான் நினைவுக்கு வரும். அச்சில் களிமண் குழம்பை ஊற்றினால், நூறு முறை ஊற்றினாலும் அதே பொம்மைதான். மனிதர்களும் இப்படித்தான் உண்டானார்கள் என்கிறது வருணக் கதை. முகத்தில் ஒருவன், தோளில் ஒருவன், தொடையில் ஒருவன், காலில் ஒருவன். நான்கிலும் சேராதவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். பிறந்த அச்சு மாறாதாம்.

இதற்கான மறுப்பு நம் வட்டாரப் பாறைகளிலேயே இருக்கிறது. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியிலும் அரியலூரிலும் கடல் இருந்தது. செத்த உயிர்களின் ஓடுகள் சேற்றில் புதைந்து கல்லாயின. 1846இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் லண்டனில் வெளியிட்ட புதைபடிவ ஆய்வில் நம் ஊர்ப் பெயரும் இருக்கிறது. டார்வினின் புத்தகம் வருவதற்கு 13 ஆண்டுகள் முன்பு!

அந்தப் பாறைகளில் அடுக்குக்கு அடுக்கு உயிர்கள் வேறுபடுகின்றன. தலைமுறைதோறும் சிறு சிறு மாற்றம். காலம் போகப்போகப் புது இனம். மாறாத அச்சு எங்கும் இல்லை. மேலடுக்கு என்றால் உயர்ந்தது அல்ல, பிந்தி வந்தது, அவ்வளவுதான்.

உடனே ஒருவர் கேட்பார்: “தகுதியுள்ளது பிழைக்கும் என்றுதானே டார்வின் சொன்னார்? அப்புறம் எதற்கு இடஒதுக்கீடு?” அவருக்கு அம்மோனைட்டைக் காட்டுங்கள். சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த, கணவாயின் உறவுக்கார உயிர். 30 கோடி ஆண்டுகளுக்கும் மேல் கடலில் கொழித்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியபோது அடியோடு அழிந்தது. அதன் தூரத்து உறவான நாட்டிலஸ் இன்றும் இருக்கிறது. அம்மோனைட் தகுதி கெட்டு அழியவில்லை, சூழல் மாறியதால் அழிந்தது. பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும் நிரந்தரத் தகுதி என்று இயற்கையில் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் பறித்து வைத்துக்கொண்டு தகுதி பேசுவது இயற்கையின் வேலை அல்ல, மனிதன் செய்த சூழ்ச்சி.

2023இல் என்சிஇஆர்டியின் 10ஆம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமப் பாடம் இல்லை. அறிவியலாளர்களும் ஆசிரியர்களுமாக 1,800 பேருக்கு மேல் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோகும் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? இந்த அறிவு கிடைக்காமல் போவது அவர்களுக்குத்தான்.

அடுத்த ஞாயிறு உங்கள் தெருப் பிள்ளைகளை அரியலூர் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒரு அம்மோனைட்டைக் காட்டி, எல்லா உயிரும் ஒரே கொடிவழி என்று சொல்லிக் கொடுங்கள். புத்தகத்திலிருந்து கிழித்துவிடலாம். பாறையிலிருந்து கிழிக்க முடியாது.

ஜெய் பீம்.