மந்தன் என்று எவனைச் சொல்வது? நாளைய இடைநிலைப்பள்ளி ஆசிரியரின் கல்வித் தத்துவம் குறித்துச் சில எண்ணங்கள்



இவ்வுரைக்குப் பொருள் தந்தவர் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் பயிலும் ஒரு மாணவி. அங்கே ஏறும் கொமுட்டர் ரயிலின் மறுமுனை நம் கிள்ளான் துறைமுகமே ஆதலால், அவரை நம் அண்டை வீட்டார் என்றே கொள்ளலாம். இடைநிலைப்பள்ளி ஆசிரியராகப் போகும் அவர், ‘என் கல்வித் தத்துவம்’ என்ற தலைப்பில் எழுதிய இடுபணியை என் பார்வைக்கு அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில், 1988ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட நம் தேசியக் கல்வித் தத்துவம் இருந்தது. அறிவு, ஆன்மிகம், உணர்வு, உடல் ஆகிய நான்கும் சமநிலையில் வளர்ந்த மனிதரை உருவாக்குவது அதன் நோக்கம். இரண்டாம் பக்கத்தில் நன்னூல் இருந்தது. நல்லாசிரியருக்குப் பவணந்தி முனிவர் உவமையாக்கிய நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கையும் விளக்கியிருந்தார். பிழையற்ற தமிழ், நல்ல கட்டுரை. ஆயினும் அதில் ஒரு மாணவன்கூட இல்லை. எல்லாம் ஆசிரியரைப் பற்றியே இருந்தது.

நன்னூலின் பொதுப்பாயிரம் ஐந்து பகுதிகள் உடையது: நூல், நுவல்வோன், நுவலும் திறன், கொள்வோன், கோடற்கூற்று. மேடைகளில் நாம் பெரும்பாலும் நுவல்வோனோடு நின்றுவிடுகிறோம். ஆசிரியராகத் தகாதவருக்குச் சொல்லப்பட்ட உவமைகளையே பலர் தொடுவதில்லை. மடற்பனை, தன்மேல் எவரையும் ஏறவிடாது. தானாக விழும் பழத்தை மட்டும் தரும். முடத்தெங்கு, ஒருவர் நீரூற்ற, வளைந்து சென்று அடுத்த வீட்டு முற்றத்தில் காய் உதிர்க்கும். இவற்றைச் சொன்னால் அவையில் சிலர் நெளிவார்கள், நானும் நெளிந்தவன்தான்.

எனக்கு உறுத்தலாக இருப்பது கொள்வோன் பகுதி. பாடம் கேட்கத் தகுதியற்றவர் என அங்கே ஒரு பட்டியல் வருகிறது. எண்ணிப் பார்த்தால் பதினைந்து பேர். கள்ளுண்டு களிப்பவன், சோம்பன், கள்வன் ஆகியோரோடு பிணியாளனும் அதில் இருக்கிறான். தூங்குபவன் இருக்கிறான். பழைய நூல்களைக் கண்டு அஞ்சித் தடுமாறுபவனும் இருக்கிறான். எஸ்.பி.எம். தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் பாதிப்பேர் அவர்கள்தாமே! பதினோராவதாக நிற்பவன் மந்தன்.

அதே பாயிரம், நுவலும் திறனைக் கூறும்போது, கற்பவன் எவ்வாறு ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தா என்பது என் கருத்து. ஒருவன் எவ்வாறு ஏற்பான் என்று அறிய முயன்ற பின்னர், அவனை மந்தன் என்று ஒதுக்குவதற்கு இடமேது? அறிய முயலாதபோதுதான் அச்சொல் நம் வாயில் வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஆசிரியர் தம் மாணவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். அவருக்கு அப்பட்டியல் பயன்பட்டிருக்கலாம். அரசாங்கப் பள்ளி ஆசிரியருக்கு அவ்வுரிமை இல்லை, இருக்கவும் கூடாது.

இனி என் கதை. 1980களின் நடுவில், மொழியியல் படிப்பதற்கு முன்பு, கிள்ளான் வட்டாரத்தின் ஓர் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்புக்கு மலாய் கற்பித்தேன். மாணவர்களுக்கு இவ்வகுப்பின் பின்னணி தெரியாமல் இருக்கலாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் எல்லாப் பாடங்களையும் மலாயில் படிக்க வேண்டும். மலாயில் உரிய தேர்ச்சி பெறாதவர் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருப்பர். உடன் படித்தவர்கள் மேலே போக, அதே வாசலில் ஓராண்டு நிற்பது பதின்மூன்று வயதில் சிறிய காரியம் அன்று.

கடைசி வரிசையில் தோட்டத்திலிருந்து வரும் ஒரு பையன் இருந்தான். ‘க்காக’ என்னும் பொருளுடைய பாகி என்ற சொல்லையும், ‘காலை’ என்னும் பொருளுடைய பாகி என்ற சொல்லையும் ஓயாமல் குழப்பி எழுதுவான். முதற்சொல்லின் தொடக்கம் அதிர்வொலி. இரண்டாவதன் தொடக்கம் அதிர்வற்ற ஒலி. (இவ்வுரையை அச்சிடும்போது இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடியும்; அவனுடைய இடர்ப்பாடும் அதுவே.) இரண்டுக்கும் அவன் ரோமன் எழுத்தில் அதிர்வற்ற ஒலியையே முதலில் இடுவான். ‘உடுத்து’ என்னும் பொருளுடைய பாக்காய் என்ற சொல்லின் நடுவிலோ, அதிர்வற்ற ககரத்தை அதிர்வொலியாக மாற்றி எழுதுவான். நான் சிவப்பு மையால் வட்டமிட்டேன். ஒரு பக்கத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வட்டங்கள். ஆசிரியர் அறையில் அவனைப் பற்றி என்ன சொல் சொன்னேன் என்பதை நீங்கள் ஊகிக்கலாம். இரண்டாம் பருவத்தில் அவன் எழுதுவதையே நிறுத்திவிட்டான். வெற்றுத் தாளில் வட்டமிட எதுவும் இராதல்லவா? மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து, முனைவர் பட்டத்துக்காகக் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். தமிழில் வல்லினம் சொல்லின் முதலில் அதிர்வின்றியும், உயிர்களுக்கிடையில் தனித்து வரும்போது அதிர்வோடும் ஒலிக்கும் என்று 1856இலேயே அவர் விளக்கியிருந்தார். அப்பக்கத்தைப் பார்த்தபோது அந்தப் பையனின் ஏடுதான் கண்முன் வந்தது. முதலில் அதிர்வின்மை, நடுவில் அதிர்வு. அவன் ஓரிடத்திலும் தவறவில்லை. முப்பது வட்டங்களும் ஒரே விதிக்கு முப்பது சான்றுகள். நகரத்துப் பேச்சுத்தமிழ் பிறமொழிச் சொற்கள் கலந்து இவ்விதியைப் பெரிதும் தளர்த்திவிட்டது; அவன் வீட்டுத்தமிழ் தளர்த்தவில்லை. அவனிடம் இருந்தது ஒரு பிழை. அதை முப்பதாகக் கணக்கிட்டவன் நான். ‘உன் மொழியில் இவ்விரண்டும் ஓர் எழுத்து, இந்த மொழியில் இரண்டு’ என்று ஒரு நாள் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும்.

இதனால்தான் நாளைய ஆசிரியர் தம் தத்துவத்தை மாணவனின் ஏட்டிலிருந்து தொடங்கவேண்டும் என்கிறேன். வெறும் இரக்கம் இதற்குப் போதாது. பாட அறிவு வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. மலாய் வினைச்சொற்களின் முன்னொட்டு நம் பிள்ளைகளைப் பெரிதும் வாட்டுவது. பாச்சா (வாசி) என்பது மெம்பாச்சா ஆகும். சாரி (தேடு) என்பது மெஞ்சாரி ஆகும். காலி (தோண்டு) என்பது மெங்காலி ஆகும். இதை வாய்பாடாக மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். ஆனால் ‘மரஞ்சாய்ந்தது’, ‘மரங்கள்’, ‘மரந்தான்’ என்று மூன்று வயதிலேயே சொல்லத் தொடங்கிய பிள்ளைக்கு இது புதிதா? வரும் வல்லினத்துக்கு இனமான மெல்லினம் தோன்றுகிறது, அவ்வளவே. புக்குல் (அடி) என்பது மெமுக்குல் ஆகும்போது மட்டும், வல்லினம் கெட்டு இனமெல்லெழுத்து நிற்கிறது. அதைத் தனியே சொல்லிக்கொடுக்கலாம். தமிழ்ப்பள்ளியில் இன எழுத்துப் படித்தவன் பாதி வழி வந்துவிட்டவன். சொற்களிலும் அப்படியே: கெடாய், காப்பல், மோடல் என்பன நம் கடையும் கப்பலும் முதலும் அல்லவா? துறைமுகத்துப் பிள்ளைக்குக் கப்பலை அந்நியச் சொல்லாகக் கற்பிப்பதைப் போன்ற வேடிக்கை வேறில்லை.

மலாய் வகுப்பில் தமிழை இழுத்தால் மலாய் வளராது என்று நண்பர்கள் சிலர் மறுப்பர். அதில் உண்மை உண்டு. பாடநேரம் முழுதும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் மாணவனை மலாய் பேசவிடாமலே செய்துவிடுவார். நான் கேட்பது ஐந்து நிமிடம். எது எங்கே மாறுகிறது என்று காட்டும் ஐந்து நிமிடம்.

தமிழ்ப் பாடம் கற்பிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த வழியுண்டு. நன்னூல் விலக்கிய பதினைந்தும் சட்டம் கேட்கும் பதினைந்தும் ஒத்திருப்பது தற்செயலே. ஆனால் பள்ளி முடிந்த பிறகு, பசியோடு வரும் அந்தப் பதினைந்து பேரில் தூங்குபவனும் பழநூலுக்கு அஞ்சுபவனும் இருப்பார்கள். ஒருவனை விரட்டினால் பதினான்கு.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு 1961இல் தலைமையேற்ற தனிநாயகம் அடிகளார், அதற்குமுன் இலண்டனில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை. பாணரையும் புலவரையும் சமுதாயத்தின் ஆசிரியர்களாக அவர் கண்டார். பாணன் தன் யாழைக் கேட்க வந்தவரிடம் தகுதிச் சான்று கேட்டதில்லை. நம் மரபில் நன்னூலின் பட்டியலும் உண்டு, பாணனின் முற்றமும் உண்டு. மாணவி தம் கட்டுரையில் எதை எடுத்துக்கொள்வது என்பதை அவரே முடிவு செய்யவேண்டும்.

அவருடைய இடுபணியின் ஓரத்தில் ஒரு கேள்வியை மட்டும் எழுதி அனுப்பினேன்: ‘கடைசி வரிசையில் இருப்பவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?’ இரண்டு நாள் கழித்து மறுமொழி வந்தது. பயிற்சிக்குப் போகும் பள்ளியில் மாணவர்களின் பழைய ஏடுகளைக் கேட்டு வாங்கிப் பிழைகளை வகைப்படுத்திப் பார்க்கப் போவதாகவும், எத்தனை ஏடுகள் வேண்டும் என்றும் கேட்டிருந்தார். பத்து போதும் என்றேன். சிவப்பு மை அதிகமாக உள்ள பத்தைக் கேட்டு வாங்குங்கள் என்றும் சொன்னேன்.