தாங்கவொண்ணாதது

கோடையில் கல்கத்தா நகரத்துக்குச் செல்வோர் 'ஒஷொஜ்ஜோ' என்ற சொல்லை அடிக்கடி கேட்பர். வடமொழியின் 'அஸஹ்யம்' வங்காளியர் நாவில் அவ்வாறு ஒலிக்கிறது. அதே புழுக்கத்தை ஆங்கிலம் அறிந்தவர் 'அன்பேரபிள்' என்பர். தாங்கவொண்ணாதது என்பது பொருள். அச்சொல்லின் பிறப்பை ஆராயக் கல்கத்தாவே தக்க இடம்.

அங்கு சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாயிருந்த சர் வில்லியம் ஜோன்ஸ் 1784-ல் ஆசியக் கழகத்தை நிறுவினார். 1786 பிப்ரவரி 2-ந் தேதி அக்கழகத்தில் பேசுகையில், வடமொழி, கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரு மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்றார். ஆங்கிலத்துக்கு இனமான காதிக் மொழியையும் சற்றுத் தயக்கத்தோடு சேர்த்துக்கொண்டார். அத்தயக்கம் தேவையில்லை என்பதைப் பின்வந்த அறிஞர் நிறுவினர்.

'பேர்' என்னும் ஆங்கில வினைக்கு முதற்பொருள் சுமத்தல். வடமொழியில் அதற்கு இனமான வேரிலிருந்து பிறந்ததே நாம் வழங்கும் 'பாரம்'. லத்தீனில் அது 'ஃபெர்ரே' ஆயிற்று. வடமொழியின் கனத்த பகரத்துக்குச் சொல் முதலில் லத்தீன் ஃபகரமும் ஆங்கிலம் எளிய பகரமும் கொள்வது இவ்வொரு சொல்லில் மட்டும் அன்று. 'ப்ராதா', 'ஃப்ராட்டெர்', 'பிரதர்' என்பவற்றிலும் அவ்வாறே. இவ்வொழுங்குதான் உறவுக்குச் சான்று. 'இன்சஃபரபிள்' என்பதும், கீழ்நின்று சுமத்தலைக் குறிக்கும் லத்தீன் 'ஸஃப்பெர்ரே' வழி வந்தமையால், 'அன்பேரபிள்' சொல்லுக்கு உடன்பிறப்பே. 'இன்டாலரபிள்' வேறு வேரினது. துலாக்கோலில் உள்ள 'துலா' அதற்கு உறவு.

'பேர்' என்பதும் நமது 'பொறு' என்பதும் ஒலியால் நெருங்கி நிற்கின்றன. உடனே, ஆங்கிலேயர் தமிழிலிருந்து பெற்றனர் என்று சொல்லிவிட ஆசை எழுகிறது. அவ்வாசைக்கு நாம் இடங்கொடுத்தல் ஆகாது. ஒலி மாற்றத்தில் ஒழுங்கு காட்டாத ஒற்றுமை தற்செயலே. தென்மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816-லேயே சென்னையில் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856-ல் கால்டுவெல் அதனை விரித்து நிறுவினார்.

ஆயினும் தமிழ் தானாகவே அதே எண்ணத்தை எட்டியிருக்கிறது. 'பொறை' என்றால் சுமை, பொறுமையும் அச்சொல்லே. வள்ளுவரும் பொறையுடைமை என ஓர் அதிகாரம் வகுத்தார். கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் நினைவாகத் தமிழ்நாட்டு வழியோரங்களில் சுமைதாங்கிக் கல் நாட்டும் வழக்கம் இருந்தது. அவள் இறக்கி வைக்காது சென்ற சுமையை எண்ணி நாட்டிய கல்லின்மேல், வழிப்போக்கர் தம் தலைச்சுமையை இறக்கிவைத்து இளைப்பாறினர்.