உப ஜனாதிபதியும் ஓட்டர் பொறுப்பும்



அமெரிக்க ஓட்டர்கள் ஓர் உப ஜனாதிபதி அபேட்சகருக்கு வெளிநாட்டு விவகாரத்தில் யோக்கியதை உண்டா என்பதை எப்படி அளக்கிறார்கள் என்பதே இன்று நாம் பேச வந்த விஷயமாகும்.

“உப ஜனாதிபதிக்கு வேலையே கிடையாதே! அவருக்கு எதற்குப் பரீட்சை?” என்று சிலர் கேட்கலாம். 1945ல் நடந்ததென்ன? ஜனவரி 20ந் தேதி ட்ரூமன் உப ஜனாதிபதியானார். ஏப்ரல் 12ந் தேதி ரூஸ்வெல்ட் இறந்தார். உலக யுத்தம் முழுவதும் ட்ரூமன் தலையில் வந்து விழுந்தது. அணுகுண்டைப் பற்றிய முழு விவரம் அவருக்குச் சொல்லப்பட்டதே ஏப்ரல் 25ந் தேதிதான். ஆகஸ்டு 6ந் தேதி ஹிரோஷிமா சாம்பலாயிற்று. இப்படிப்பட்ட பதவியை அற்பமென்று சொல்ல முடியுமா? அங்கே இவ்விருவருக்கும் தனித்தனி ஓட்டுக் கிடையாது. மாடு வாங்கினால் கன்றும் சேர்ந்தே வரும். ஆகவே கன்றையும் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டாமா?

2008ல், 72 வயதான மெக்கெய்னுக்கு உப ஜனாதிபதியாக அலாஸ்கா கவர்னர் சாரா பேலின் அம்மையார் நின்றார். அவர் கவர்னராகி இரண்டு வருஷங்கூட ஆகவில்லை. ருஷ்யாவைப் பற்றிக் கேட்டதற்கு, அலாஸ்காவின் ஒரு தீவிலிருந்து ருஷ்யாவைப் பார்க்கலாம் என்றார். அது பொய்யல்ல, அத்தீவுக்கும் ருஷ்யத் தீவுக்கும் சுமார் 4 கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் வரப்பில் நின்று பக்கத்துக் காட்டைப் பார்த்தவனுக்கு அக்காட்டின் வரவு செலவு தெரிந்துவிடுமா?

பிறகு ஒரு நடிகை அம்மையாரைப் போல் வேஷம் போட்டு, “என் வீட்டிலிருந்தே ருஷ்யா தெரிகிறது” என்று தொலைக்காட்சியில் பரிகாசம் செய்தார். அதையே அம்மையார் சொன்னதாக இன்றைக்கும் நம்புகிறவர்கள் அநேகர். தோழர்களே, இது அம்மையாரின் குற்றமா? விசாரியாமல் நம்பியவர்களின் குற்றமல்லவா?

எதிர்த்தரப்பில் நின்ற பைடனோ 1973 முதல் செனட்டர். அச்சபையின் வெளிநாட்டு உறவுக் கமிட்டித் தலைவர். “பழுத்த அனுபவஸ்தர், பிறகென்ன கேள்வி?” என்றார்கள் பலர். அந்த அனுபவஸ்தர்தான் 2002ல் ஈராக் யுத்தத்திற்கு அதிகாரம் கொடுக்க ஓட்டுச் செய்தார். 2003ல் படை புகுந்தது. எந்த ஆயுதங்களைக் காரணம் காட்டினார்களோ அவை அகப்படவேயில்லை. அனுபவம் உதவாது என்று நாம் சொல்லவில்லை. தலை நரைத்ததையே அறிவுக்கு அத்தாட்சியாக எண்ணாதீர்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

ஆகவே ஓட்டர் கேட்க வேண்டியவை எவை? “எப்போது பட்டாளத்தை அனுப்புவீர்? எந்த ருஜுவின் மேல்? முன்பு தவறினீரா? அதிலிருந்து கற்றதென்ன?” இவைதான். இவற்றைக் கேளாமல் முகத்தையும், பேச்சுச் சாதுரியத்தையும், பரிகாசத்தையும் பார்த்து ஓட்டுப் போடுவது, பத்துப் பொருத்தம் பார்த்து மாப்பிள்ளையைப் பாராமல் பெண் கொடுப்பதையே ஒக்கும். அதிலாவது கெடுவது ஒரு பெண்ணின் வாழ்வு. இதில் சாவது யாரோ பெற்ற பிள்ளைகள். இதை மறவாதிருக்கக் கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.