பிறர் கடனுக்கு அடகான மக்கள்

(பொன்விழா மேடையில் ஆற்றிய உரை)



சங்கத்தின் வரலாற்றைச் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு வாப்பாவின் கடையில் உட்கார்ந்த எங்களை, வேறு நாட்டுச் சிறுபான்மையினரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே அகப்பட்டவர்களை எடுத்துக்கொண்டோம்.

1923 ஜனவரியில் லோசான் நகரில் இரு நாடுகளும் மக்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. துருக்கியிலிருந்து சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள், கிரேக்கத்திலிருந்து மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள். கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் போரிலேயே ஓடிப்போயிருந்தார்கள். ஒப்பந்தம் அவர்கள் திரும்பும் வழியை அடைத்தது. மொழியை யாரும் கேட்கவில்லை, மதத்தைத்தான் கேட்டார்கள். கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக் கரையில் இறங்கினார்கள். வேதத்தையே துருக்கி மொழியில் படித்த கரமான்லி கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்குக் கப்பலேறினார்கள். படிவத்தில் ‘இனம்’ என்ற கட்டத்தின் முன் பேனாவோடு தயங்கிய நமக்கு இது புரியும்.

இரண்டு கூட்டத்தாருக்கு விலக்கு: இஸ்தான்புல் கிரேக்கர்கள், மேற்குத் திரேஸ் முஸ்லிம்கள். லோசான் உடன்படிக்கையின் 45ஆம் பிரிவு, துருக்கி தன் சிறுபான்மையினருக்குத் தரும் உரிமைகளைக் கிரேக்கமும் தன் முஸ்லிம்களுக்குத் தரவேண்டும் என்றது. நல்ல நோக்கம்தான். நடந்ததோ அடகுக்கடை வியாபாரம். கடன் வாங்கியவன் ஒருவன், ஏலத்துக்குப் போனது இன்னொருவன் நகை.

சைப்ரஸ் தகராறு முற்றிய 1955 செப்டம்பரில், அத்தாதுர்க் பிறந்த வீட்டில் குண்டு வெடித்தது என்ற செய்தி பரவியதும் இஸ்தான்புல்லில் கிரேக்கர்களின் ஆயிரக்கணக்கான கடைகள் ஒரே இரவில் சூறையாடப்பட்டன. சைப்ரஸில் என்ன நடக்கிறதென்று அந்தத் துணிக்கடைக்காரருக்கு என்ன தெரியும்? 1964இல் கிரேக்கக் குடியுரிமை வைத்திருந்தவர்களை 20 கிலோ சாமான், 200 லிரா பணத்தோடு வெளியேற்றினார்கள். கடைச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்களோ.

எல்லைக்கு இந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. கிரேக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, கிரேக்க வம்சமல்லாதவர் திரும்பும் எண்ணமின்றி வெளியே போனார் என்று அதிகாரி முடிவு செய்தாலே குடியுரிமையைப் பறிக்க வழிவிட்டது. 1955 முதல் 1998 வரை சுமார் 60,000 பேர் இழந்தார்கள், பெரும்பாலும் திரேஸ் முஸ்லிம்கள். பலருக்கு ஊர் திரும்பும்போதுதான் அது தெரிந்தது. சரக்கெடுக்க வெளிநாடு போய்வரும் நாங்கள் இதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தோம்.

கணக்கு இன்னும் தீரவில்லை. இஸ்தான்புல் அருகே ஹல்கி தீவின் பாதிரிமார் கல்லூரி 1971இல் மூடப்பட்டது. திறக்கச் சொன்னால், திரேஸ் முஃப்திகளை மக்களே தேர்ந்தெடுக்க விடுங்கள் என்கிறது துருக்கி. நம் மார்க்கத்தாருக்காகக் கேட்கிறார்களே என்று மகிழ எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தக் கல்லூரி மாணவன் என்ன குற்றம் செய்தான்?

திரேஸின் க்ஸாந்தி ஊரில் 1927இல் தொடங்கிய ஒரு சங்கம் உண்டு. பெயரில் ‘துருக்கிய’ என்ற சொல் இருந்ததற்காக 1986இல் நீதிமன்றம் அதைக் கலைக்கச் சொன்னது. 2008இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறென்று தீர்ப்பளித்தது. பிறகும் கிரேக்க நீதிமன்றங்கள் பதிவைத் திருப்பித் தரவில்லை.

நம் சங்கத்தின் பதிவுச் சான்றிதழ் வாசலில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. இன்று உள்ளே வரும்போது நின்று, பெயரை முழுதாக ஒருமுறை படித்துவிட்டு வந்தோம்.