பேரன் கேட்ட நானூறு டாலர்

(நமது கிளப் ஹவுஸில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"கனடா போய் வந்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் சார்" என்றார் நம் செயலாளர். நயாகராவைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். நாங்கள் இருந்தது அந்த நாட்டின் மறுகோடியில், வான்கூவர் பக்கம். நான் பேசப் போவது, பனிச்சறுக்கு ஊரில் ஒரு சீசன் வேலை பார்த்த என் பேரனைப் பற்றி. அதில் நான் செய்த ஒரு தவறைப் பற்றியும்.

என் பெண் குடும்பம் வான்கூவரை அடுத்த சர்ரேயில் இருக்கிறது. பேரன் அங்கேயே பிறந்தவன், 19 வயது. கல்லூரியில் ஒரு வருடம் படித்துவிட்டு, "ஒரு வருஷம் கேப் எடுக்கிறேன், விஸ்லரில் வேலை கிடைத்திருக்கிறது" என்று 2024 நவம்பரில் கிளம்பிவிட்டான். என்ன வேலை என்று கேட்டேன். "லிஃப்ட் ஆபரேட்டர் தாத்தா" என்றான். எனக்கு நம் பி பிளாக் லிஃப்ட்தான் கண்முன் வந்தது. 37 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவன் நான். படிப்பை நிறுத்திவிட்டு லிஃப்டுக்குப் பட்டன் அமுக்கப் போகிறானா என்று கோபம். இரண்டு மாதம் அவனோடு சரியாகப் பேசவில்லை.

விஸ்லர், வான்கூவரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். 2010 குளிர்கால ஒலிம்பிக்கில் மலைச்சறுக்குப் போட்டிகள் நடந்த இடம். நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 14,000 பேர்தான். நவம்பர் கடைசியில் பனி விழுந்து சீசன் தொடங்கினால், வேலைக்காக உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து குவிகிறார்கள். ஆஸ்திரேலியர்கள் ஏராளம். லிஃப்ட், ஹோட்டல் சமையலறை, வாடகைக்கு ஸ்கீ கொடுக்கும் கடை என்று எல்லா இடத்திலும் அவர்கள்தான். வசந்தம் வந்ததும் பெரும்பாலானவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள்.

லிஃப்ட் என்பது மலைமேல் கம்பியில் தொங்கிப் போகும் நாற்காலி வரிசை. பேரன் விடியுமுன் எழுந்து, முந்தின இரவு விழுந்த பனியை மண்வாரியால் தள்ளி, ஏறும் இடத்தைச் சமன் செய்ய வேண்டும். நாற்காலிகளில் படிந்த பனியைத் துடைக்க வேண்டும். பிறகு நாள் முழுக்கக் குளிரில் நின்று ஆட்களை ஏற்றி அனுப்ப வேண்டும். ஒரு குழந்தை தடுமாறினால் உடனே பட்டனை அமுக்கி நிறுத்த வேண்டும். பட்டன் அமுக்குகிற வேலைதான். ஆனால் அரை நிமிடம் கண் அசரக் கூடாத வேலை.

நான் கணக்குப் பார்க்கிறவன், அதனால் வரவு செலவையும் சொல்கிறேன். அந்த மாகாணத்தில் அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.40 டாலர். இவனுக்கு அதைவிடச் சற்று அதிகம். ஊழியர் குடியிருப்பில் நான்கு பேருக்கு ஒரு வீடு, ஒரு சமையலறை. வாடகையும் சாப்பாடும் போனால் மிச்சம் சொற்பம். பனி தாமதித்தால் ஷிஃப்டும் குறையும். பிறகு எதற்குப் போகிறார்கள்? சீசன் முழுக்கச் சறுக்குவதற்கு இலவச பாஸ் உண்டு. இன்னொன்று, கூட இருக்கும் ஆட்கள். லீவு நாளில் ஒன்றாக மலைக்குப் போகிறார்கள், மாலையில் ஒரே அடுப்பில் ஆளுக்கொன்று சமைத்துப் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். ஜனவரி 26 ஆஸ்திரேலியாவுக்கும் தேசிய நாள். அன்று அவர்கள் கொண்டாட்டத்துக்கு நம் பையன் பாட்டியிடம் போனில் கேட்டுக் கேட்டு எலுமிச்சை சாதம் கிளறிக் கொண்டுபோனான். பாத்திரம் காலியாகத் திரும்பியதாம்.

பிப்ரவரியில் ஒரு நாள் எனக்கே போன் செய்தான்.

"தாத்தா, நானூறு டாலர் கடன் வேணும். ஏப்ரலில் திருப்பித் தர்றேன்."

"எதுக்குப்பா?"

"ஒரு ஃப்ரெண்டுக்கு. ஆஸ்திரேலியப் பையன்."

அந்த ஊரில் மது தாராளம். 19 வயதானால் சட்டமே தடுக்காது. எனக்கு அந்தச் சந்தேகம்தான். மேற்கொண்டு எதுவும் கேட்காமல், "முகம் தெரியாத ஆளுக்கெல்லாம் கடன் கொடுக்கிற வழக்கம் எங்க பேங்க்ல கிடையாது" என்றேன். "பரவாயில்ல தாத்தா" என்று வைத்துவிட்டான். சரியாகத்தான் சொன்னேன் என்று எனக்குப் பெருமை வேறு.

மார்ச்சில் எல்லோரும் அவனைப் பார்க்கப் போனோம். விஸ்லர், பிளாக்கோம் என்ற இரண்டு மலைகளையும் இணைக்கும் கோண்டோலாவில் ஏறினோம். 2008-ல் போட்டது, 4.4 கிலோமீட்டர், 11 நிமிடப் பயணம். என் மனைவி 11 நிமிடமும் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு பேரன் நிற்கும் இடத்துக்குப் போனோம். சட்டையில் பெயர் அட்டை, பெயருக்குக் கீழே ஊர். கூட இருந்தவர்களின் அட்டைகளில் சிலி, இங்கிலாந்து, நியூஸிலாந்து.

அந்த நியூஸிலாந்துப் பெண்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். அந்த ஆஸ்திரேலியப் பையனுக்கு ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. லீவு நாளில் சறுக்கும்போது விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. வேலை நேரத்தில் அடிபட்டால் இழப்பீடு உண்டு, லீவு நாளில் கிடையாது. நிற்க முடியாததால் வேலை போயிற்று. அறை வேலையோடு சேர்ந்தது, அதனால் அறையும் போயிற்று. ஆஸ்பத்திரிச் செலவை இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொண்டது. விமானம் ஏறும்வரை தங்கவும் சாப்பிடவும் யார் கொடுப்பார்கள்? ஒன்பது பேர் சேர்ந்து பணம் போட்டிருக்கிறார்கள். என் பேரன் தன் ஸ்னோபோர்டை விற்று நானூறு டாலர் கொடுத்திருக்கிறான். மீதி சீசனுக்கு இரவல் பலகைதான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1981-ல் வேலைக்குச் சேர்ந்து திருவல்லிக்கேணி மேன்ஷனில் நான்கு பேர் ஓர் அறையில் இருந்தோம். அறை நண்பர் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, இரண்டு மாதம் அவருடைய மெஸ் பாக்கியை நாங்கள் மூன்று பேரும் கட்டினோம். அவர் ஊர் எது, அப்பா யார் என்று நான் விசாரித்ததில்லை, ஜாமீனும் கேட்டதில்லை. அந்த 22 வயது ஆள் எங்கே போனான் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். காலையில் பேரனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தாத்தா" என்று சிரித்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படிக் கேட்கலாம். கனடாவின் வேலையோடு கூடிய விடுமுறைத் திட்டத்தில் இந்திய பாஸ்போர்ட்டுக்கு இடம் இல்லை. ஆனால் ஆஸ்திரேலியா 2024 முதல் 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியர்களுக்கு, ஆண்டுக்கு 1,000 பேருக்கு, குலுக்கல் முறையில் அப்படி ஒரு விசா தருகிறது. அங்கும் ஜூன் முதல் பனிச்சறுக்கு சீசன் உண்டு. போகிறவர்களிடம் மூன்று விஷயம் சொல்லி அனுப்புங்கள். சறுக்கில் அடிபட்டாலும் செல்லுபடியாகும் இன்ஷூரன்ஸ் வேண்டும். முதல் இரண்டு மாதச் செலவுக்குக் கையில் பணம் வேண்டும். வேலை போனால் அறையும் போகுமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். உங்களுக்கு ஒன்று: பணம் கேட்டு போன் வந்தால், பதில் சொல்லுமுன் முழுக் கதையையும் கேளுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். நம் கேட்டில் இரவு ஷிஃப்டில் இருப்பவரை மூன்று வருடமாக "வாட்ச்மேன்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்று பெயரையும் ஊரையும் கேட்டேன். அசாமில் நல்பாரி பக்கமாம். அவரும் நான்கு பேரோடு ஓர் அறையில்தான் இருக்கிறார். நம் ஊழியர்களுக்குப் பெயரும் ஊரும் போட்ட அட்டை கொடுக்கலாம் என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். அவர்களுக்குச் சம்மதமென்றால் மட்டும். நீங்களும் ஆதரிக்க வேண்டும்.

கடைசியாக, அந்த நானூறு டாலர். ஆஸ்திரேலியப் பையன் ஊருக்குப் போய், கால் சரியாகி, வேலைக்குச் சேர்ந்து, ஜூலையிலேயே ஒன்பது பேருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டான். ஜாமீன் இல்லை, பத்திரம் இல்லை, ஒரு நினைவூட்டல் கடிதம்கூட இல்லை. என் கிளையில் 37 வருடத்தில் இப்படி ஒரு வசூலை நான் பார்த்ததில்லை.