பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நர்சம்மா வரட்டும்

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியற்காலையில் புறப்பட்டு விடுகிறீர்கள். சிலர் பஸ் ஏறி மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போகிறீர்கள். கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போகிறீர்கள்? மாமியார் இருந்தால் மாமியாரிடம். இல்லாவிட்டால் அடுத்த தெருவிலே பிள்ளை பார்க்கிற ஆயாவிடம். மாதம் ஏதோ கொடுக்கிறீர்கள். சிலர் நெல்லாகவும் கொடுப்பதுண்டு. அந்த ஆயா ஐந்தாறு பெற்று வளர்த்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் இடுப்பில் இருந்தவர்கள்தான். அதனால் கவலை இல்லாமல் வேலைக்குப் போகிறீர்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். கிராம சுகாதார செவிலியர், அதாவது உங்கள் நர்சம்மா, வீடு வீடாக வரும்போது எந்த வீட்டுக்கு வருகிறார்? பெற்றவர்கள் வீட்டுக்கு. அங்கே கதவு பூட்டியிருக்கிறது. பிள்ளை இரண்டு தெரு தள்ளி ஆயா வீட்டுத் திண்ணையில் விளையாடிக்கொண்டு இருக்கிறது. நர்சம்மா வந்தும் பிள்ளையைப் பார்க்கவில்லை. பிள்ளையை நாள் முழுக்கப் பார்க்கிறவரையும் பார்க்கவில்லை. இந்த இடைவெளியை அடைக்கத்தான் இன்றைய பேச்சு.

"அனுபவசாலிக்கு எதற்கு யோசனை?"

"எட்டுப் பிள்ளை வளர்த்தவளுக்கு நேத்துப் பொறந்த பொண்ணு சொல்லித் தரணுமா?" என்று ஆயா கேட்பார். கேட்பதில் நியாயம் உண்டு. பிள்ளை பசியில் அழுகிறதா, தூக்கத்துக்கு அழுகிறதா என்பது அவருக்குக் காதிலேயே தெரியும். அது எந்தப் படிப்பிலும் வராது. ஆனால் அவர் பிள்ளை வளர்த்த நாளைக்கும் இன்றைக்கும் நடுவே வைத்தியத்தில் பல சங்கதிகள் மாறிவிட்டன. ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி நம் மாநிலத்தில் வந்தது 2011 டிசம்பரில். தட்டம்மையோடு ரூபெல்லாவையும் சேர்த்துத் தடுக்கும் ஊசி வந்தது 2017-ல். வயிற்றுப்போக்குக்குத் துத்தநாக மாத்திரை தரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2004-ல். இவை அவர் காலத்தில் இல்லை. இல்லாததை அவர் எப்படி அறிவார்?

பழகிய கையும் சரியான யோசனையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சேதி சொல்கிறேன். 1971-ல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பன்காவ் என்ற ஊரில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்து, வாய் வழியாகக் கொடுக்கச் செய்தார். புகட்டியவர்களில் பெரும்பாலோர் யார்? நோயாளிகளின் தாயும் பாட்டியும் உறவினர்களும்தான். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. மருந்தைச் சொன்னவர் டாக்டர். உயிரைக் காத்தது வீட்டுக் கை.

நர்சம்மா வந்தால் என்ன செய்வார்?

குறை கண்டுபிடிக்க வருவதில்லை. கணக்கு எழுதிக்கொண்டு போகவும் வருவதில்லை. ஆயாவோடு திண்ணையில் உட்கார்ந்து, "நீங்க எப்படிச் செய்றீங்க?" என்று முதலில் கேட்பார். நல்லதைத் தொடரச் சொல்வார். மாற்றவேண்டியதை ஏன் என்று சொல்லி மாற்றச் சொல்வார். முக்கியமானவை இவை:

1. பால்: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து எதுவும் வேண்டாம். வேலைக்குப் போகும் தாய் பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் கழுவிய மூடி போட்ட பாத்திரத்தில் வைத்துப் போகலாம். நிழலான இடத்தில் நான்கு மணி நேரம் வரை வைத்திருந்து பாலாடையில் புகட்டலாம். புட்டிப்பால் வேண்டாம்.

2. கழிச்சல்: "தண்ணி குடுத்தா இன்னும் கழியும்" என்று வயிற்றைக் காயப்போடுவது பழைய வழக்கம். பிள்ளை உயிரை வாங்குவது கழிச்சலில் போகும் நீர்தான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். மீந்ததை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. துத்தநாக மாத்திரையைக் கழிச்சல் நின்றாலும் 14 நாள் கொடுக்கவேண்டும்; அளவை நர்சம்மா சொல்வார்.

3. தூக்கம்: ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்கவேண்டும். குப்புறப் போடக்கூடாது.

4. வலிப்பும் தீக்காயமும்: வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பதால் பயன் இல்லை, வாயில் எதையும் திணிக்கவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே உதவி தேடவேண்டும். தீப்பட்ட இடத்தில் இங்க், பேஸ்ட், மாவு பூசாமல் 20 நிமிடம் தண்ணீர் ஊற்றவேண்டும்.

5. வீடு: தண்ணீர் வாளி, மூடாத தொட்டி, சோடா பாட்டிலில் ஊற்றிய மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, தரையில் சிந்திய கடலை. தவழும் பிள்ளைக்கு இவை எல்லாமே எமன்தான். நர்சம்மாவும் ஆயாவும் சேர்ந்து ஒருமுறை தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் உயரத்திலிருந்து வீட்டைப் பார்த்தால் எல்லாம் கண்ணில் படும்.

ஆயாவிடம் நர்சம்மா தெரிந்துகொள்வது

யோசனை ஒரு பக்கமாகப் போவதில்லை. நர்சம்மா பிள்ளையைப் பார்ப்பது மாதத்தில் சில நிமிடம். ஆயா பார்ப்பது தினம் எட்டு மணி நேரம். "காலையிலிருந்து மூக்கு விடைக்குது, பால் குடிக்கலே" என்று முதலில் சொல்லக்கூடியவர் அவர்தான். மூச்சை எண்ணுவதற்கு நர்சம்மா கற்றுத் தருவார். பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சளிக்காய்ச்சலின் அடையாளமாக இருக்கலாம். நெஞ்சுக்குழி உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், பிள்ளை துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும் மாலை வரை காத்திருக்கவேண்டாம். அந்த நிமிடமே 108-ஐ அழைக்கவேண்டும்.

ஆயாவின் உடம்பையும் கவனிக்கவேண்டும். கண்ணில் புரை இருந்தால் பிள்ளை கீழே கிடப்பதை எடுத்து வாயில் போடுவது தெரியாது. இரத்தக் கொதிப்பு இருந்தால் சிலருக்குத் தலை சுற்றலாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியபின், கொதிப்பும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்க்க வழி வந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். அது ஆயாவுக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

தம்பதியர் செய்யவேண்டியது

இது தாய்க்கு மட்டும் சொல்வதல்ல; தகப்பனுக்கும் சேர்த்துத்தான். நர்சம்மாவின் செல் நம்பரை வாங்கி, "பகலில் எங்க பிள்ளை இன்னார் வீட்டிலே இருக்கும், அங்கே வாங்க" என்று சொல்லிவையுங்கள். தடுப்பூசி அட்டையை டிரங்குப் பெட்டியில் பூட்டாமல் ஆயா வீட்டில் வையுங்கள். நர்சம்மா முதன்முதல் போகிற அன்று புருஷனோ பெண்சாதியோ ஒருவர் கூட இருங்கள். "உங்களைச் சோதிக்க வரலே ஆயா, உங்களுக்குத் துணையாத்தான் வர்றாங்க" என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் பாதி மனத்தாங்கல் போய்விடும். ஊசி போட்ட நாளில் காய்ச்சல் வரலாம் என்பதையும், என்ன செய்யவேண்டும் என்பதையும் ஆயாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டும் உங்கள் இருவர் செல் நம்பரும் அவர் வீட்டில் இருக்கட்டும்.

மாலையில் பிள்ளையைத் தூக்க வரும்போது, "இன்னிக்கு எப்படி இருந்தான்?" என்று தகப்பன் ஒரு வார்த்தை கேட்கட்டும். கூலியைத் தேதி தவறாமல் கொடுக்கட்டும். பிள்ளையைக் காக்கிறவரின் மனம் குளிர்ந்திருந்தால் பிள்ளையும் நன்றாக இருக்கும்.

வருகிற புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். பிள்ளையோடு ஆயாவையும் அழைத்து வாருங்கள். நர்சம்மாவும் அவரும் பழகிக்கொள்ள அதைவிட நல்ல நாள் வேறில்லை.