பேச்சை இழந்த அரசவை

அரசியலை உள்ளே வைத்துச் சொன்ன ராஜா ராணிப் படங்களைப் பற்றிக் கோபாலபுரத்தில் பேச வந்துவிட்டு, நாலாவது தெருவைத் தொடாமல் போக முடியாது. அந்தத் தெருவில் நெடுங்காலம் வாழ்ந்த கலைஞர் கருணாநிதி, இங்கே குடிவருவதற்கு முன்பே எழுதிய படம் ‘மந்திரி குமாரி’. 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. குண்டலகேசிக் கதையை வாங்கிக்கொண்டு, நம்பியாரை ராஜகுருவாக உட்காரவைத்து, அவர் மகனைக் கொள்ளைக்காரனாக்கி, அரண்மனைக்குள் அன்றைய அரசியலைப் பேசவிட்டார்கள். யாரைக் குத்துகிறார்கள் என்பது தரை டிக்கெட்டுக்கும் தெரியும். தெரியும்படி வசனமே சொல்லிவிடும். கொல்ல அழைத்துவந்த கணவனை மூன்று முறை வலம்வந்து மனைவியே மலையுச்சியிலிருந்து தள்ளிவிடும் காட்சி மட்டும் விதிவிலக்கு. அதை ஒலியை அடக்கிவிட்டுப் பார்த்தாலும் புரியும். இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆக, நம் அரசியல் கற்பனைப் படங்களின் குறியீடு நெடுங்காலம் நடிகரின் வாயில்தான் இருந்தது. அது வாயை விட்டு இறங்கி நிழலுக்கும் தண்ணீருக்கும் பசிக்கும் போன படம் என்று நான் கருதுவது, 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’. எம்.ஜி.ஆர். நடித்த 1965 படத்தின் பெயரேதான். அடிமைகளின் விடுதலையைப் பாடிய படத்தின் பெயரை, விடுதலை கிடைக்காத ஒரு கூட்டத்தின் கதைக்கு வைத்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

கதை தெரிந்ததுதான். 1279-ல் சோழ அரசு சாய்ந்தபோது, பாண்டியரின் குலதெய்வச் சிலையோடு இளவரசனைக் கடல் கடத்தி அனுப்புகிறார்கள். அந்த வம்சம் வியட்நாம் பக்கத்துத் தீவில் இன்றும் ஒளிந்து வாழ்கிறது. காணாமல்போன தொல்லியல் அறிஞரைத் தேடி இரண்டு பெண்களும், சுமை தூக்கும் கூலியாட்களும், ஒரு படைப்பிரிவும் போகிறார்கள். வழியெல்லாம் பொறிகள். முதல் பாதி முழுக்க நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகப் போகிறோம். முத்துவாக வரும் கார்த்தியோடு சிரிக்கிறோம். புதையல் வேட்டைதான் என்று சாய்ந்து உட்கார்கிறோம்.

நடராசர் நிழல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் சாயும் நேரத்தில் புதைமணல் மேல் கூத்தனின் நிழல் நீண்டு விழுகிறது. நிழலுக்குள் ஓடுகிறவன் பிழைப்பான். தமிழ்ப் படத்தில் சாமி வந்து காப்பாற்றுவது புதிதல்ல. மணி அடிக்கும், பூ விழும். இங்கே சாமி இல்லை, சாமியின் நிழல்தான் இருக்கிறது. அதுவும் சூரியன் இறங்குவதற்குள் தீர்ந்துவிடும். பழம்பெருமை என்பதற்கு இதைவிடக் கச்சிதமான படிமத்தை நான் நம் திரையில் கண்டதில்லை. ஒளிப்பதிவாளர் ராம்ஜி இதை எட்ட நின்றும் காட்டுகிறார், ஓடுகிறவர் காலடியிலிருந்தும் காட்டுகிறார். ஒன்றில் நிழல் தெய்வம். மற்றதில் மிதிக்கக் கிடைத்த இடம்.

பிறகு படம் புரள்கிறது. வெயில் போய்த் தீப்பந்த வெளிச்சம் வருகிறது. கற்குகைகளில் கரியேறிய, எலும்பு தெரியும் மக்கள். பார்த்திபன் அரசர். அவர்கள் பேசும் பழந்தமிழ் புரியவில்லை என்று அன்று பலர் குறைப்பட்டார்கள். 1950-ன் அரண்மனைத் தமிழ் கைதட்டலுக்காக அடுக்கப்பட்டது; இந்த அரண்மனைத் தமிழுக்குக் கைதட்ட முடியாது. தஞ்சைக்கு அழைத்துப்போகத் தூதன் வருவான் என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தவன் ஒரு கூலி. அவர்கள் மொழியே அவனுக்குப் பிடிபடவில்லை. பாண்டிய வம்சத்து அனிதாவாக வரும் ரீமா சென்னுக்கோ அந்தத் தமிழ் சரளம். மொழி தெரிந்தவள் பகையாகவும் தெரியாதவன் துணையாகவும் நிற்பது இந்தப் படத்தின் கசப்பான நகைச்சுவை.

பட்டினி கிடப்பவர்களின் புலம்பலாக வரும் ‘பெம்மானே’ பாட்டைப் பம்பாய் ஜெயஸ்ரீயோடு பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடினார். கதீட்ரல் சாலை டிரைவ்-இன் உட்லண்ட்ஸில், சட்டைப்பை நிறையப் பேனாக்களோடு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். இன்று அந்த இடம் செம்மொழிப் பூங்கா. காதல் பாட்டுக்கென்றே நாம் ஒதுக்கிவைத்த அந்த மெல்லிய குரலைச் சோற்றுக்கு அழ வைத்தது, ஜி.வி. பிரகாஷின் இசையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு.

இதை முள்ளிவாய்க்கால் படம் என்று சொல்லிவிடுவது எளிது. படப்பிடிப்பு 2007-லேயே தொடங்கிவிட்டது. ஈழப் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்தது 2009 மே மாதம். அதற்கு முந்தின ஏப்ரல் 27-ல் அன்றைய முதலமைச்சர் கருணாநிதி அண்ணா சமாதியில் உண்ணாவிரதம் உட்கார்ந்தது இந்தப் பேட்டைக்கு நினைவிருக்கும். போர் முடிந்த எட்டே மாதத்தில் இந்தப் படம் திரைக்கு வந்தது. புலிக்கொடியின் கீழ் அடைபட்ட பட்டினி ஜனம், குடிநீரில் கலந்த நஞ்சு, வாளுக்கு எதிரே துப்பாக்கி. பார்த்தவன் என்ன நினைப்பான்? இயக்குநர் வைத்த பொருள் பாதி, காலம் வந்து ஊற்றியது மீதி.

இதோடு ஒப்பிட, 2006-ல் வந்த கில்லெர்மோ டெல் டோரோவின் ‘பேன்ஸ் லேபிரிந்த்’ இருக்கிறது. 1944-ன் ஸ்பெயினில், ஃபிராங்கோவின் படைத்தலைவன் வீட்டில் ஒரு சிறுமி. அவன் உலகம் நீலம் பாய்ந்த குளிர், அவளுடைய மாய உலகம் பொன்னும் சிவப்பும். இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். சிறுமி ஒன்றிலிருந்து மற்றதற்குத் தப்பலாம். செல்வராகவன் அந்தக் கதவை வைக்கவில்லை. மாய உலகத்துக்குள்ளேயே ராணுவம் நுழைந்துவிடுகிறது. அதைவிட மோசம், அந்த ராணுவத்தோடு வழிகாட்டிக்கொண்டு வந்தவர்கள் நாம். இடைவேளை வரை யார் தோளுக்குப் பின்னால் கேமரா நின்றதோ, அவர்கள்தான் படையெடுத்தவர்கள். இந்த இடமாற்றத்தைத்தான் படத்தின் ஆகப்பெரிய அரசியல் என்பேன்; சோழரின் புலியும் பாண்டியரின் மீனும் அதற்கு அடுத்தபடிதான்.

குறைகளும் உண்டு. கணினி வரைகலை அன்றைக்கே பலவீனம். களத்தில் மனிதர்களை நசுக்கும் காட்சி, கொடுமையைக் காட்டுவதைத் தாண்டி அதை ரசிக்கத் தொடங்குகிறது. எனக்குப் பெரிய வருத்தம் கடைசிப் பகுதி. சிறைபட்ட பெண்கள் மீது படையினர் பாய்வதைக் கட்டுண்ட அரசன் பார்க்கிறான். அவன் முகத்தில் நிற்க வேண்டிய கேமரா, பெண்கள் பக்கம் போய் நெடுநேரம் நின்றுவிடுகிறது. அந்தப் பெண்களில் ஒருத்தியையும் அதுவரை படம் நமக்கு நெருக்கமாக அறிமுகம் செய்யவில்லை. படத்தொகுப்பு மேசையில் அந்தப் பகுதியைப் பாதியாக வெட்டி, மிச்சமான நிமிடங்களை முன்பே அவர்கள் அடுப்படிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கலாம்.